தானியங்கிக் கதவு போடலாமா? ஒரு நாட்டுக்கோழிக் கூட்டின் ஓராண்டு

பின்னணி

திண்டுக்கல் மாவட்டம், ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு முருங்கைத் தோட்டம். தோட்டத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய தம்பதி மட்டும் இருக்கிறார்கள். மகன் குடும்பம் டவுனில். கோழிகள் மொத்தம் 38, எல்லாம் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகை. பகலில் தோட்டம் முழுக்க மேயும், இரவில் கூட்டில் அடையும். கூடு 12 அடிக்கு 8 அடி. மேலே சிமெண்ட் ஷீட், நான்கு பக்கமும் 2 அங்குலக் கண் கொண்ட சங்கிலிவலை, அடியில் மண்தரை. வீட்டிலிருந்து 80 மீட்டர் தூரத்தில், வரப்பு ஓரமாக நடந்து போக வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை 11 கோழிகள் போயின. பெரியவருக்குக் கண்புரை, பொழுது சாய்ந்தபின் பார்வை மங்கல். இரண்டு தடவை அந்த வரப்பிலேயே கண்ணாடி விரியனைப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. டவுனிலிருந்த மகன் இணையத்தில் தானியங்கிக் கதவு ஒன்றைப் பார்த்து வைத்தார். வெளிச்சம் குறைந்தால் தானே மூடும், விடிந்தால் தானே திறக்கும். அதை வாங்கி மாட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பது அவர் கணக்கு. ஆர்டர் போடுவதற்கு முன், இழப்பு எப்படி நடந்தது என்று ஒரு முறை பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

இழப்புக் கணக்கு

கோழி போன இடம், நேரம், மிச்சம் கிடந்தது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியதில் 11 இழப்பும் நான்கு வகையாகப் பிரிந்தன.

பகலில் போனவை நான்கு. மூன்று குஞ்சுகளை வல்லூறு தூக்கியது, ஒரு வளர்ந்த பெட்டையைக் கீரி பிடித்தது. கீரி பகலில் வேட்டையாடும் பிராணி. இரவில் மூடும் கதவு எதுவானாலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மரத்தில் அடைந்து போனவை மூன்று. கூட்டுக்கு வராமல் முருங்கை மரத்தில் ஏறிப் படுக்கும் ஐந்தாறு கோழிகள் இருந்தன. காலையில் மரத்தடியில் இறகுக் குவியல், பக்கத்துச் சுவரின் மேல் பழக்கொட்டைகளோடு கிடந்த எச்சம். இரண்டும் மரநாயைக் காட்டின.

கதவு சாத்தியிருந்தும் கூட்டுக்குள் செத்தவை இரண்டு. இரண்டும் வலையை ஒட்டித் தலையில்லாமல் கிடந்தன. 2 அங்குலக் கண்ணில் கோழி தலையை நீட்டினால் வெளியே இருப்பது அதைப் பிடித்து இழுத்துவிடும். உடல் உள்ளேயே நின்றுவிடும். வடமேற்கு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெருச்சாளி வளையும் இருந்தது. பெருச்சாளி தோண்டிய வழியைப் பாம்பும் கீரியும் பயன்படுத்தும்.

கதவு சாத்த மறந்த இரவுகளில், அல்லது நேரங்கழித்துச் சாத்திய இரவுகளில் போனவை இரண்டு.

ஆக, தானியங்கிக் கதவு காப்பாற்றியிருக்கக்கூடியது 11-இல் 2. வலை ஓட்டையும் வளையும் அப்படியே இருக்கையில் கதவு மட்டும் வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்க வாய்ப்புண்டு. தினமும் மாலையில் கூட்டுப் பக்கம் போகும் ஒரே காரணமும் இல்லாமல் போய், மூலை வளை யார் கண்ணிலும் படாமலே இருந்திருக்கும்.

மாலைக் கவனிப்பு

அக்டோபரில் மூன்று வாரம், தினமும் கடைசிக் கோழி உள்ளே போகும் நேரத்தை அம்மா காலண்டரில் குறித்தார். வாசலில் சலித்த சாம்பலை ஒரு முழ அகலத்துக்குத் தூவி, காலையில் தடம் பார்த்தார்கள்.

அந்த மாதம் அங்கே சூரியன் மறைவது 6 மணியை ஒட்டி. மழைமூட்டம் இல்லாத நாளில் குஞ்சுக்கோழிகள் பொழுது இருக்கும்போதே அடைந்துவிட்டன. பெட்டைகள் மறைவு முடிந்து 10, 15 நிமிடத்துக்குள். வாலிபச் சேவல்கள் இரண்டு மட்டும் சண்டையை முடித்துக்கொண்டு 25 நிமிடம் கழித்து வந்தன. மேகமூட்டமான நாளில் எல்லாமே முன்னதாக அடைந்தன.

சாம்பலில் மூன்று வாரத்தில் இரண்டு முறை தடம் விழுந்தது. ஒன்று தெருநாய், இன்னொன்று நகத்தடம் பதியாத வட்டமான பூனைத் தடம். வீட்டுப் பூனையா காட்டுப்பூனையா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது. கதவைச் சாத்துவதற்கு அம்மா எடுத்துக்கொண்ட நேரத்தில் பெரும்பகுதி கதவுக்கானதே இல்லை. டார்ச் அடித்து எண்ணுவது, எண்ணிக்கை குறைந்தால் மரத்தில் தேடுவது, மூக்கு ஒழுகுவதும் இறகு சிலிர்த்து நிற்பதும் எது என்று பார்ப்பது. "சாத்துறது ஒரு நிமிச வேலை கண்ணு, எண்ணுறதுக்குத்தான் நேரமாகுது" என்று அவரே மகனிடம் சொன்னார். கதவு இயந்திரம் செய்யப்போவது அந்த ஒரு நிமிட வேலையை மட்டும்.

முதல் முடிவு: கதவு இப்போது வேண்டாம்

கூட்டைச் சரிசெய்து, கோழிகள் எல்லாம் கூட்டில் அடையப் பழகி, இரண்டு மாதம் கையால் சாத்திப் பார்த்த பிறகே கதவைப் பற்றிப் பேசுவது என்று முடிவு. காரணம் எளிது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தால் எது பலன் தந்தது என்று பின்னால் தெரியாது.

பொறி வைக்கலாம், வேலியில் கரண்ட் விடலாம் என்று பக்கத்துத் தோட்டத்தார் சொன்னதை ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டார்கள். கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் வருபவை. கரண்ட் வேலியில் முதலில் மாட்டுவது பெரும்பாலும் ஆளோ மாடோதான்.

கூட்டில் செய்த வேலை

சங்கிலிவலைக்கு உள்பக்கமாகத் தரையிலிருந்து 3 அடி உயரத்துக்கு அரை அங்குலக் கண் கொண்ட வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பிவலை). பழைய வலையைக் கழற்றவில்லை; நாய் மோதினால் தாங்குவது அதுதான். மெஷ்ஷை 15 செ.மீ. இடைவெளியில் கட்டுக்கம்பியால் பிணைத்தார்கள். மூன்றடிக்கு மேலே பழைய 2 அங்குலக் கண் இருக்கலாம். ஆனால் அடையும் கம்பு வலையிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்க வேண்டும். இங்கே கம்பு வலையை ஒட்டி இருந்தது. அதைத்தான் முதலில் நகர்த்தினார்கள்.

வெளிப்பக்கம் சுற்றிலும் ஒன்றரை அடி அகலத்துக்கு அதே மெஷ்ஷை நான்கு விரற்கடை ஆழத்தில் படுக்கையாகப் புதைத்தார்கள். தோண்டும் பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். வலை தட்டுப்பட்டால், ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்டலாம் என்ற யோசனை பெரும்பாலும் அதற்கு வராது. செங்குத்தாகப் புதைப்பதைவிட மண்வேலை மிகக் குறைவு. பெருச்சாளி வளையில் உடைந்த கண்ணாடித் துண்டும் சிமெண்ட் கலவையும்.

மரத்தில் அடைந்தவற்றைத் திருத்துவதுதான் இழுத்தது. அவற்றை இரவில் மரத்திலிருந்து பிடித்துக் கூட்டில் போட்டு, 10 நாள் வெளியே விடாமல் உள்ளேயே தீனி, தண்ணீர். அதன்பின் தினமும் மாலை 5:30-க்குத் தகரத்தைத் தட்டிக் கம்புத் தானியமும் மக்காச்சோள நொய்யும் கூட்டுக்குள் மட்டும் போட்டார்கள். கூட்டுக்குள் சின்னதாக ஒரு சோலார் விளக்கு. உள்ளே இருட்டாகவும் வெளியே வெளிச்சமாகவும் இருந்தால் கோழி உள்ளே போகத் தயங்கும். பலரும் கவனிக்காத விஷயம் இது. அடையும் கம்பாக 2 அங்குலச் சவுக்குக் கம்புகள், எல்லாம் ஒரே உயரத்தில். உயரம் வேறுபட்டால் மேல்கம்புக்கு அடிதடி நடந்து, தோற்றது வெளியே போய்ப் படுக்கும். கூட்டுக்குப் பக்கத்து முருங்கைகளின் தாழ்ந்த கிளைகளைக் கவாத்து செய்தார்கள்.

நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் கையால்தான் கதவு. இரவு இழப்பு எதுவும் இல்லை.

இரண்டாம் முடிவு: மூடுவது மட்டும் தானியங்கி

அப்படியானால் கதவு தேவையே இல்லையே என்று கேட்கலாம். கோழிக்குத் தேவையில்லைதான். ஆனால் இரண்டு மாதம் தவறாமல் சாத்தியது, கண் தெரியாதவரும் முட்டி வலிப்பவரும் இருட்டில் விரியன் திரியும் வரப்பில் நடந்ததால். கதவு போட முடிவெடுத்தது அவர்களுக்காக.

திறப்பதைக் கையில் வைத்துக்கொண்டார்கள். காலையில் நல்ல வெளிச்சத்தில் நடப்பது ஆபத்தில்லை. திறக்கும்போதுதான் எண்ணிக்கை எடுக்க முடியும், கூட்டில் கிடக்கும் முட்டையை எடுக்க முடியும், கதவு திறந்தும் வெளியே வராமல் குன்றி நிற்கும் கோழி எது என்று தெரியும். வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோய் வந்தால் முதல் நாளே தெரிவது இந்த நேரத்தில்தான். ஆள் வருவதற்கு முன் தானாகத் திறந்து கோழிகளைக் கீரிக்கு முன்னால் விடுவதில் லாபமும் இல்லை. காலையில் ஆள் வரத் தாமதமானால் தாங்குவதற்காகக் கூட்டுக்குள் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்தார்கள். சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் சித்திரை வெயில் காலை எட்டரைக்கே சுடும்.

வெளிச்ச உணரி வேண்டாம் என்பதும் முடிவு. ரெடிமேட் கதவுகளில் அது இருப்பதற்குக் காரணம் உண்டு. லண்டனில் பகல் டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, ஜூனில் 16 மணி நேரத்துக்கும் மேல். அங்கே டைமர் வைத்தால் வாரம் தவறாமல் மாற்ற வேண்டும். ஒட்டன்சத்திரத்தில் சூரிய மறைவு நவம்பர் நடுவில் ஏறக்குறைய 5:53, ஜூலை தொடக்கத்தில் 6:45. ஆண்டு முழுக்க வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஐப்பசியில் மதியம் நாலு மணிக்கே கருக்கல் கட்டும் ஊரில், உணரி பாதிக் கோழியை வெளியே விட்டுச் சாத்திவிடும். டைமரில் மூன்று அமைப்பு போதும்:

அக்டோபர் முதல் டிசம்பர் வரை 6:40
ஜனவரி முதல் மார்ச் வரை 7:00
ஏப்ரல் முதல் ஆகஸ்ட் முடியும்வரை 7:15. அதன்பின் செப்டம்பர் முடியும்வரை மறுபடி 7:00

மறைவுக்குப் பின் குறைந்தது அரை மணி நேரம் என்பது அடிப்படை. ஆண்டு முழுக்க 7:15 என்று ஒன்றையே வைத்துவிட்டால், நவம்பரில் இருட்டியபின் ஒரு மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும்.

அமைப்பு

கதவு 2 மி.மீ. அலுமினியத் தகடு, 30 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம். திறப்பு 35 செ.மீ. பலகை வேண்டாம், மழையில் உப்பிக் காடியில் சிக்கும். இரண்டு பக்கமும் அலுமினிய யூ சேனல், தகட்டுக்கும் சேனலுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 2, 3 மி.மீ. தளர்வு. கீழ் விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார்கள்.

லீனியர் ஆக்சுவேட்டர் (தண்டை நேராக நீட்டித் தள்ளும் மோட்டார்) போடலாம் என்ற யோசனை இருந்தது. வேண்டாம் என்றதற்குக் காரணம் அதன் தள்ளுவிசை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை பல பத்துக் கிலோ எடையைத் தள்ளக்கூடியவை. இடையில் கோழி நின்றால் நிற்காது. கயிற்றில் தொங்கி, தன் எடையில் இறங்கும் கதவு கோழி மேல் பட்டால் கயிறு தளரும், அவ்வளவுதான்.

மோட்டார் 12 வோல்ட், நிமிடத்துக்கு 10 சுற்று கியர் மோட்டார். சுருளின் விட்டம் 25 மி.மீ. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7.85 செ.மீ. கயிறு இறங்கும். 35 செ.மீ. இறங்க நான்கரைச் சுற்று, அதாவது 27 விநாடி. குஞ்சு நகர்ந்துகொள்ளப் போதுமான நேரம். 12 வோல்ட் டிஜிட்டல் டைமர், 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, 10 வாட் சோலார் பேனல், சார்ஜ் கண்ட்ரோலர். டைமர் மோட்டாரை இறங்கும் திசையில் மட்டும் ஓட்டும். கதவு அடியைத் தொட்டதும் அதன் எடையில் அமுங்கும் சின்ன மைக்ரோ ஸ்விட்ச் இணைப்பை வெட்டும். காலையில் ஏற்றுவதற்கு ஆறு முனை ஸ்பிரிங் டாகிள் ஸ்விட்ச்: அழுத்திப் பிடித்திருக்கும்வரை திசை மாறி ஏறும், விட்டால் நிற்கும்.

திறப்பும் தானியங்கியாக இருந்திருந்தால், பகல் முழுக்க ஒரு ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இழுத்துப் பிடித்திருக்கும் வழக்கமான இணைப்புதான் முதலில் யோசனைக்கு வந்தது. 12 வோல்ட் எட்டு முனை ரிலேயின் கம்பிச்சுருள் ஏறக்குறைய 75 மில்லி ஆம்பியர் எடுக்கும். 13 மணி நேரத்துக்கு அது கிட்டத்தட்ட 1 ஏ.எச். மோட்டாருக்கு அதில் சொற்பம்தான் செலவு. அடைமழையில் நாலு நாள் வெயில் இல்லாவிட்டால் 7 ஏ.எச். பேட்டரி படுத்துவிடும். மூடுவது மட்டும் என்ற முடிவால் இந்தச் சிக்கல் தானாகவே கழன்றது.

கீழிருந்து கதவைத் தூக்கும் வித்தை மரநாய்க்கும் கீரிக்கும் தெரியும். அதனால் கதவு சுவரின் உள்பக்கம் இறங்குகிறது. வெளிப்பக்கம் 3 செ.மீ. உயர விளிம்பு ஒன்று கதவின் அடியை மறைக்கிறது. விரல் நுழைய இடமில்லை.

நடந்தது

பொங்கல் முடிந்து பொருத்தினார்கள். ஐந்தாம் நாள் காலை கதவு ஏறக்குறைய முழுவதும் திறந்து கிடந்தது. கோழி எதுவும் போகவில்லை. பார்த்தால் சுருளில் கயிறு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

என்ன நடந்ததென்றால், படுக்கையாகப் போட்டிருந்த கடலைத்தோலைக் கோழிகள் கிளறிக் கதவடியில் தள்ளிவிட்டன. கதவு 2 செ.மீ. மேலேயே நின்றது, மைக்ரோ ஸ்விட்ச் அமுங்கவில்லை. டைமரில் வைக்கக்கூடிய குறைந்தபட்ச நேரம் ஒரு நிமிடம். ஒரு நிமிடத்தில் மோட்டார் 10 சுற்று. நான்கரைச் சுற்றில் கயிறு முழுக்க அவிழ்ந்து, மீதி ஐந்தரைச் சுற்றில் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு கதவைத் தூக்கிவிட்டது. கயிற்றில் இறங்கும் கதவு செய்பவர்கள் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இரண்டு திருத்தம். கதவு மேலே இருக்கும்போது சுருளில் குறைந்தது 12 சுற்றுக் கயிறு இருக்கும்படி நீட்டினார்கள். பத்துச் சுற்று ஓடினாலும் கயிறு தீராது, எதிர்ப்பக்கம் சுற்ற வழியில்லை. தளர்ந்த கயிறு நழுவாமல் இருக்கச் சுருளின் இரு ஓரமும் உயர்த்தப்பட்டது. அடுத்து, வாசலைத் தரையிலிருந்து 20 செ.மீ. உயர்த்தி, உள்ளே ஒரு சாய்பலகை வைத்து, கதவடியில் பலகைக்குப் பதில் மெஷ் துண்டு போட்டார்கள். கடலைத்தோல் இப்போது கீழே உதிர்ந்துவிடுகிறது.

மார்ச்சில் ஒரு நாள் கதவு இறங்கவேயில்லை. டைமர் பெட்டிக்குள் பல்லி. வயர் நுழையும் துளைகளில் இடைவெளியை அடைக்கும் ரப்பர் கிளாண்ட் போட்டு, சுற்றிலும் கிரீஸ் தடவியபின் எறும்பும் வரவில்லை. டைமரின் கடிகாரம் சில நிமிடம் பிந்தியதும் அன்றுதான் தெரிந்தது. கேஸ் சிலிண்டர் மாற்றும் நாளில் டைமரையும் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் அந்த இரண்டு வாலிபச் சேவல்களும் இரண்டு மாலை வெளியே மாட்டின. இரண்டாம் தடவை ஒன்று போயிற்று. மூடும் நேரத்தைத் தள்ளி வைக்கலாமா என்று யோசித்தார்கள். ஒரு சேவலுக்காக மற்ற எல்லாவற்றையும் இருட்டில் திறந்துபோட வேண்டாம் என்று மிஞ்சிய சேவலை விற்றார்கள். சரியான முடிவு. தாமதமாக அடையும் கோழி, பழக்கினால் ஓரளவு திருந்தும். சண்டைக்காரச் சேவல் திருந்தாது.

ஜனவரி முதல் ஜூன் வரை மொத்த இழப்பு 5. நான்கு பகலில், வழக்கம்போல் வல்லூறும் கீரியும். ஒன்று அந்தச் சேவல். கூட்டுக்குள் இரவில் ஒன்றும் இல்லை. ஆனால் கதவு வருவதற்கு முந்தைய இரண்டு மாதமும் கூட்டுக்குள் இழப்பு இல்லை. எனவே இந்தப் பலனை வலையின் கணக்கில்தான் எழுத வேண்டும். கதவின் கணக்கில் வருவது வேறு: பெரியவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது இருவரும் டவுனில் மகன் வீட்டில் தங்க முடிந்தது, பக்கத்துத் தோட்டத்தார் காலையில் மட்டும் வந்து திறந்துவிட்டார்கள். இருட்டில் வரப்பில் நடப்பதும் நின்றது.

செலவு, வலை வேலைக்கு ஆள்கூலி சேர்த்து ஏறக்குறைய 9,000 ரூபாய். கதவுக்கு 4,500 ரூபாய்க்குள். யாராவது இதில் பாதியைத்தான் செலவழிக்க முடியும் என்றால் வலைக்குத்தான் போட வேண்டும்.

மறுபடி செய்தால்

வாசலை முதலிலேயே படுக்கைக்கு மேல் உயர்த்திக் கட்ட வேண்டும். பொருத்தியபின் உயர்த்தியதில் சேனல் இரண்டையும் கழற்றி மாட்ட வேண்டியதாயிற்று. மைக்ரோ ஸ்விட்சைக் கதவடியில் வைக்காமல், மூடிய நிலையில் கதவின் மேல்விளிம்பு நிற்கும் உயரத்தில் பக்கச் சேனலில் வைத்திருந்தால் தூசி சேர்ந்திருக்காது.

வீட்டிலிருந்தே கதவின் நிலை தெரிய வேண்டும். இப்போது அது இல்லை. அதனால் முதல் மாதம் முழுக்க அம்மா எப்படியும் டார்ச்சோடு போய்ப் பார்த்தார், கதவு போட்டதன் நோக்கமே அடிபட்டது. கதவு மூடியதும் காந்த ஸ்விட்ச் வழியாகக் கூட்டின் நெற்றியில் ஒரு பச்சை எல்.இ.டி. எரிந்தால் திண்ணையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மூடினால் எரிவதாக இருக்க வேண்டும், திறந்திருந்தால் எரிவதாக அல்ல. வயர் அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் விளக்கு எரியாது, எரியாத விளக்கைப் பார்த்ததும் யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

பகல் இழப்புக்கு இந்த வேலை எதுவும் உதவவில்லை. குஞ்சுகளுக்கு முதல் ஆறு வாரம் மேலே வலை போட்ட தனி அடைப்பு வேண்டும். அதற்கான கம்பி வாங்கியாகிவிட்டது, இன்னும் கட்டவில்லை.